சூரியனுக்கு நாட்குறிப்பு எழுதிய பெண்கள்



பிரயாணத்திற்கென்று விற்கப்படும் முஸல்லாக்கள் சிலவற்றில் ஒரு சிறிய திசையறி கருவி பதிக்கப்பட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். ஹஜ், உம்ரா முடித்துத் திரும்புவோர் அன்பளிப்பாகக் கொண்டுவரும் பொருட்களில் இதுவும் ஒன்று. அறிமுகமில்லாத ஊரில் தங்க நேர்ந்தால் அதனை நிலத்தில் வைத்து, ஊசி நடுங்கி அடங்கும் வரை காத்திருந்து கிப்லாவைத் தீர்மானிக்கின்றோம். கொழும்பில் இருப்பவர்களுக்குக் கிப்லா நேர் மேற்கு அல்ல. மேற்கிலிருந்து வடக்குப் பக்கமாக ஏறத்தாழ 25 பாகை திரும்ப வேண்டும். அதற்குத்தான் அந்த ஊசி.

இது புதிய ஏற்பாடும் அல்ல. யெமன் நாட்டை ஆண்ட றஸூலி வம்சத்து சுல்தான் அல்அஷ்ரஃப் என்பவர் 1290ஆம் ஆண்டளவிலேயே காந்த ஊசியைக் கொண்டு கிப்லாவை அறியும் முறையை எழுதி வைத்திருக்கின்றார். ஆட்சியில் அமர முன்னரே வானவியலில் நூல் எழுதிய மனிதர் அவர்!

ஊசி அடங்கிவிட்டது என்று நாம் நினைக்கின்றோம். உண்மையில் அது ஒருபோதும் அடங்குவதில்லை. நம் கண்ணுக்குத் தெரியாத அளவில் அது நாள் முழுவதும் அசைந்துகொண்டே இருக்கின்றது. காலையில் ஒரு பக்கம், பிற்பகலில் மறு பக்கம், இரவில் பெரும்பாலும் அமைதி. இலண்டனில் கடிகாரம் செய்து வந்த ஜோர்ஜ் கிரஹம் என்பவர் 1722இல் ஆயிரம் தடவைகளுக்கு மேல் ஊசியைப் பார்த்துப் பார்த்துக் குறித்து இதனைக் கண்டுபிடித்தார். சில நாட்களிலோ ஊசி காரணமே இல்லாதது போல் பதறித் துடித்தது. அப்படிப்பட்ட நாட்களுக்குக் காந்தப் புயல் என்று பின்னர் பெயர் வைத்தார்கள். ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் காற்று இல்லை, மழை இல்லை, வானம் தெளிவாக இருக்கும். ஊசி மட்டும் ஆடும்.

ஏன் ஆடுகின்றது? அந்தக் கேள்விக்கு விடை கிடைக்க ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் சென்றன. விடையைத் தந்தது ஒரு மேதையின் திடீர் யோசனை அல்ல. தினமும் ஒரே வேலையை, ஒரே நேரத்தில், சலிக்காமல் செய்து கொப்பியில் பதிந்து வந்தவர்களின் கைகளிலிருந்துதான் அது வந்தது. அவர்களுள் இரண்டு பெண்களை உங்களுக்கு அறிமுகப்படுத்தவே இந்தக் கட்டுரை. அதற்கு முன் அந்த வேலை எப்படிப்பட்டது என்பதைச் சொல்லிவிடுகின்றேன்.

இருட்டறையில் ஒரு காந்தம்

பூமியே ஒரு பெரிய காந்தம் என்பதைப் பிள்ளைகளின் விஞ்ஞானப் புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள். நம் காலடியில் ஏறத்தாழ 2,900 கிலோமீற்றர் ஆழத்தில் உருகிய இரும்பு சுழன்றோடுகின்றது; காந்தப் புலம் அங்கிருந்து எழுகின்றது. அதன் வலிமையை நனோடெஸ்லா என்ற அலகில் சொல்வார்கள். நம் பிராந்தியத்தில் அது 40,000 அளவில் இருக்கின்றது. ஒரு நாளுக்குள் ஏற்படும் ஏற்ற இறக்கம் இதில் சில பத்துக்கள்தான். மூட்டை அரிசியில் ஒரு பிடி குறைந்ததைத் தராசில் கண்டுபிடிப்பது போன்ற வேலை இது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதற்கென ஓர் அழகான வழியைக் கண்டார்கள். ஒரு காந்தக் கட்டையைப் பட்டு நூலில் கட்டித் தொங்கவிட்டார்கள். அதில் ஒரு சிறு கண்ணாடியை ஒட்டினார்கள். இருட்டறையில் எரிவாயு விளக்கின் மெல்லிய ஒளிக்கீற்று அந்தக் கண்ணாடியில் பட்டுத் தெறித்து, எதிரே மெதுவாகச் சுழலும் உருளையின் மீது விழும். உருளையில் புகைப்படக் கடதாசி சுற்றப்பட்டிருக்கும். அதைக் கடிகாரப் பொறி சுழற்றும். காந்தம் மயிரிழை அசைந்தால் போதும், ஒளிப்பொட்டு கடதாசியில் நன்றாகவே நகரும். மறுநாள் கடதாசியைக் கழுவி எடுத்தால் நாள் முழுவதும் காந்தம் ஆடிய ஆட்டம் ஒரு கோடாக வந்திருக்கும். பூமியின் நாடித் துடிப்பு என்றே சொல்லலாம்.

அந்த அறைக்குள் இரும்பு போகக் கூடாது. பம்பாயின் கொலாபா அவதான நிலையத்தில் 1841 முதல் காந்த அளவீடுகளைப் பதிந்து வந்தார்கள். நகரத்தில் மின்சார ட்ராம் வண்டி ஓடப் போகின்றது என்றதும், அதன் மின்னோட்டம் காந்தத்தைக் குழப்பிவிடும் என்று பயந்து, 1904இல் கடலுக்கு அப்பால் அலிபாக் என்ற ஊருக்கு அளவீட்டையே மாற்றிவிட்டார்கள். அங்கே கட்டடத்திற்குக்கூட காந்தத் தன்மையற்ற கற்களைத் தேடி எடுத்தார்கள். தையல் ஊசியையும் திறப்புக் கோர்வையையும் இடுப்பில் செருகிக்கொண்டு திரியும் நம்மில் எவரும் அந்த வாசலைத் தாண்டியிருக்க முடியாது!

ஒருபக்கம் இது. மறுபக்கத்தில் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் வேறு. ஜேர்மனியின் டெசௌ நகரில் மருந்துக் கடை வைத்திருந்த ஹைன்ரிச் ஷ்வாபே, புதனுக்கும் உட்புறமாக ஒரு கோள் இருக்குமா என்று தேடி, 1826 முதல் வெயில் காய்ந்த நாளெல்லாம் சூரியனைத் தொலைகாட்டியில் பார்த்தார். கோள் கிடைக்கவில்லை. ஆனால் பதினேழு ஆண்டுக் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தபோது வேறொன்று கிடைத்தது. சூரியனின் முகத்தில் தோன்றும் கரும்புள்ளிகள் ஏறத்தாழப் பத்து ஆண்டுகளுக்கொரு முறை பெருகிக் குறைகின்றன என்று அவர் எழுதினார். சராசரியாக அது 11 ஆண்டுகள் என்று பின்னர் திருத்தப்பட்டது. 1852இல் எட்வர்ட் சபைன் என்ற ஆங்கிலேய அதிகாரி உலகின் பல பாகங்களில் பதிந்த காந்தக் குறிப்புகளை ஷ்வாபேயின் பட்டியலுக்கு அருகில் வைத்தார். சூரியனில் புள்ளிகள் கூடிய ஆண்டுகளில் இங்கே காந்தப் புயல்களும் கூடியிருந்தன.

1859 செப்டெம்பர் முதலாம் திகதி

இங்கிலாந்தின் றெட்ஹில் என்ற ஊரில் றிச்சர்ட் கரிங்டன் என்பவர் தமது வீட்டுடன் இணைந்த அவதான நிலையத்தில் அன்று முற்பகல் சூரியப் புள்ளிகளை வரைந்துகொண்டிருந்தார். சூரியனை நேராகப் பார்க்காமல், தொலைகாட்டியின் வழியே வரும் பிம்பத்தைப் பூச்சுப் பூசிய கண்ணாடித் தட்டில் விழவைத்து வரைவது அவரது வழக்கம். காலை 11 மணி 18 நிமிடமளவில் ஒரு பெரிய புள்ளிக் கூட்டத்தின் மேல் திடீரென இரண்டு வெண்ணிற ஒளித் திட்டுக்கள் பளீரெனத் தோன்றின. சாட்சிக்கு யாரையாவது அழைக்க ஓடினார். ஒரு நிமிடத்திற்குள் திரும்பி வந்தபோது ஒளி மங்கத் தொடங்கியிருந்தது. ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. நல்ல வேளையாக றிச்சர்ட் ஹொட்ஜ்சன் என்ற இன்னொருவரும் வேறோர் இடத்தில் அதையே பார்த்திருந்தார்.

அதே நேரத்தில் இலண்டனுக்கருகே கியூ அவதான நிலையத்தின் இருட்டறையில் அந்தக் கோடு சற்றுத் துள்ளியிருந்தது. ஏறத்தாழப் பதினேழரை மணித்தியாலம் கழித்து வந்ததுதான் பெரும் புயல். ஒளிப்பொட்டு கடதாசியின் விளிம்பைத் தாண்டி வெளியே போய்விட்டது. துருவப் பகுதிகளில் மட்டும் தெரியும் வண்ண ஒளி கியூபா வரைக்கும் தெரிந்தது. தந்திக் கம்பிகளில் தாமாகவே மின்சாரம் பாய்ந்தது. அமெரிக்காவின் பொஸ்டன் நகரத்திற்கும் போர்ட்லண்ட் நகரத்திற்கும் இடையில் தந்திக்காரர்கள் மின்கலங்களைக் கழற்றி வைத்துவிட்டு, வானத்திலிருந்து வந்த மின்சாரத்திலேயே இரண்டு மணித்தியாலம் அளவில் செய்தி அனுப்பினார்கள்.

ஐரோப்பாவில் கருவியின் கோடு கடதாசியை விட்டு ஓடிப்போன அந்த வேளையில், நான் முன்பு சொன்ன பம்பாய் நிலையத்தில் மனிதர்கள் கண்ணால் பார்த்துக் கையால் எழுதிக்கொண்டிருந்தார்கள். செப்டெம்பர் 2ஆம் திகதி முற்பகல் அங்கே காந்தப் புலம் ஏறத்தாழ 1,600 நனோடெஸ்லா இறங்கியதை அவர்கள் எழுதி வைத்தார்கள். சாதாரணப் புயலில் நூறு இறங்கினாலே பெரிது. அந்த ஏடுகளை 2003இல் ஆய்வாளர்கள் மீண்டும் எடுத்துப் படித்தபோதுதான் அன்றைய புயலின் உண்மைப் பருமனை எண்ணிக்கையில் சொல்ல முடிந்தது.

இத்தனைக்குப் பிறகும் எல்லோரும் நம்பிவிடவில்லை. பிரித்தானிய விஞ்ஞானிகளின் தலைவராக விளங்கிய கெல்வின் பிரபு 1892இல் கணக்கொன்று போட்டுக் காட்டினார். எட்டு மணித்தியாலக் காந்தப் புயலொன்றைச் சூரியன் எழுப்ப வேண்டுமாயின், நான்கு மாதங்களில் அது தரும் வெப்பமும் வெளிச்சமும் அளவுக்குச் சக்தியைச் செலவிட நேரிடும் என்றார். ஆகவே இந்தத் தொடர்பு தற்செயல் என்பது அவரது முடிவு. கெல்வின் சொல்லிவிட்டால் மறுபேச்சுப் பேச யாருக்குத் துணிவு வரும்?

அன்னி

அன்னி ஸ்கொட் டில் றசல் 1868இல் அயர்லாந்தின் ஸ்ட்ரபேன் என்ற ஊரில் பிறந்தவர். கேம்பிரிட்ஜின் கேர்ட்டன் பெண்கள் கல்லூரியில் கணிதம் படித்துச் சிறப்பாகத் தேறினார். ஆனால் பட்டம் கிடைக்கவில்லை. பெண்கள் பரீட்சை எழுதலாம், பட்டம் மட்டும் கொடுப்பதில்லை என்பது அன்றைய கேம்பிரிட்ஜின் சட்டம்.

1891இல் கிறீனிச் அரச அவதான நிலையத்தில் அவர் வேலைக்குச் சேர்ந்தார். பதவியின் பெயர் ‘கணிப்பவர்’. மாதச் சம்பளம் நான்கு பவுண். அதற்கு முன் ஆசிரியையாக இருந்தபோது பெற்றதைவிட அது குறைவு. பெரும்பாலும் பள்ளிக்கூடம் முடித்த பையன்களுக்குக் கொடுக்கும் வேலையைக் கல்லூரிப் பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், அவ்வளவுதான். அந்த வேலையின் ஒரு பகுதி, வெயில் கண்ட நாட்களில் சூரியனைப் புகைப்படம் எடுப்பது. அடுத்தது, அந்தக் கண்ணாடித் தட்டில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் சூரியனின் எந்த இடத்தில் இருக்கின்றது, எவ்வளவு பரப்பு என்று நுண்ணளவு பார்த்து எழுதுவது. இலண்டனில் முகில் மூடிய நாட்களுக்கு இந்தியாவின் டேராடூனிலிருந்தும் மொரீஷியஸ் தீவிலிருந்தும் படங்கள் வந்து சேரும். நாள் விடுபடாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

வேலையைத் தொடங்கிச் சில மாதங்களில், 1892 பெப்ரவரியில், மிகப் பெரிய புள்ளிக் கூட்டமொன்று சூரியனில் வந்தது. பின்னாலேயே காந்தப் புயலும் வந்தது. கெல்வின் பிரபு தற்செயல் என்று சொன்ன அதே ஆண்டில், சூரியனின் ஏட்டைக் கையில் வைத்திருந்தவர்களுள் அன்னியும் ஒருவர்.

அந்தப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் வோல்ட்டர் மௌண்டர். மனைவியை இழந்தவர், ஐந்து பிள்ளைகளின் தந்தை. 1895 டிசம்பரில் அன்னி அவரைத் திருமணம் செய்தார். உடனே வேலை போயிற்று. மணமான பெண் அரசாங்க உத்தியோகம் பார்க்கக் கூடாது என்பது பிரித்தானியச் சட்டம். அந்தச் சட்டத்தை அங்கே நீக்கியது எப்போது தெரியுமா? 1946இல்! பெண்ணை வீட்டுக்குள் பூட்டி வைப்பது முஸ்லிம்கள் மட்டுந்தான் என்று மேடை போட்டுப் பேசுவோர் இந்தச் சரித்திரத்தையும் ஒரு முறை வாசிப்பது நல்லது. அதற்காக நாம் திருப்திப்பட்டுக்கொள்ளவும் இடமில்லை. சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்திற்கும் விஞ்ஞானத்திற்கும் திறமைச் சித்தி எடுத்த எத்தனை பெண் பிள்ளைகளின் கொப்பிகள், நிக்காஹ் பேச்சு வந்ததோடு போத்தல் கடதாசிக்காரரின் சாக்குக்குள் போயிருக்கின்றன என்பதை நம் வீடுகளே அறியும்.

அன்னி கொப்பியை மூடவில்லை. சம்பளம் நின்ற பிறகும் கணவரோடு சேர்ந்து வேலையைத் தொடர்ந்தார். ஐந்து பிள்ளைகள் உள்ள வீட்டில் இதற்கு நேரம் எங்கே இருந்தது என்று உங்களைப் போலவே நானும் வியக்கின்றேன். 1898 ஜனவரியில் இந்தியாவில் முழுச் சூரிய கிரகணம் தெரிந்தபோது இருவரும் தல்னி என்ற இடத்திற்கு வந்து கூடாரமிட்டார்கள். கேர்ட்டன் கல்லூரி தந்த உதவித் தொகையைக் கொண்டு தயார்செய்த தமது சொந்தக் கமெராவினால் அன்னி எடுத்த படத்தில், சூரியனைச் சுற்றியுள்ள ஒளிவட்டத்திலிருந்து ஒரு கதிர், அதுவரை எவரும் படமெடுத்திராத தூரம் வரை நீண்டிருந்தது. சூரியனிலிருந்து ஏதோ ஒன்று வெளியே வெகுதூரம் ஓடுகின்றது என்பதற்கு அது கண்கண்ட சாட்சி.

1904இல் வோல்ட்டர் மௌண்டர் கிறீனிச்சின் பழைய காந்தக் குறிப்புகளை வரிசையாக அடுக்கிப் பார்த்து ஒன்றை எடுத்துச் சொன்னார். பல புயல்கள் ஏறத்தாழ 27 நாள் இடைவெளியில் திரும்பத் திரும்ப வருகின்றன. பூமியிலிருந்து பார்க்கையில் சூரியன் ஒரு முறை தன்னைத்தானே சுற்றி வருவதும் ஏறத்தாழ அதே 27 நாளில்தான்! காலிக் கோட்டையில் மீரான் ஜும்ஆப் பள்ளிவாசலுக்கு அருகே நிற்கும் வெளிச்சவீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சவீட்டின் ஒளி எல்லாத் திசைக்கும் ஒரே நேரத்தில் பாய்வதில்லை. ஒரு கற்றையாகச் சுற்றிச் சுற்றி வருகின்றது. நம் பக்கம் திரும்பும்போதுதான் கண்ணில் படுகின்றது. சூரியனும் அவ்வாறே ஒரு குறிப்பிட்ட இடத்திலிருந்து ஒரு தாரையாக எதையோ பீச்சுகின்றது. அது நம்மைத் தொடும்போது புயல் எழுகின்றது. நாலா பக்கமும் சக்தியைக் கொட்டுவதாக எண்ணிக் கெல்வின் போட்ட கணக்கு இங்கேதான் பிழைத்தது.

அதே காலத்தில்தான் கணவனும் மனைவியுமாக அந்தப் புகழ்பெற்ற வரைபடத்தையும் வரைந்தார்கள். பல்லாண்டுக் காலப் புள்ளிகள் ஒவ்வொன்றும் சூரியனின் எந்த அகலக்கோட்டில் தோன்றின என்பதை ஆண்டு வரிசையில் சிறு சிறு கோடுகளாக இட்டார்கள். ஒருவர் எண்ணை வாசிக்க மற்றவர் கோடு இழுக்க, ஒரு வாரத்து மாலைப் பொழுதுகளில் அதை முடித்ததாக அன்னி 1940இல் எழுதிய கடிதமொன்றில் நினைவுகூர்ந்திருக்கின்றார். முடிந்ததும் பார்த்தால், வண்ணாத்துப்பூச்சிகள் வரிசையாக இறக்கை விரித்திருப்பது போன்ற உருவம் வந்திருந்தது. ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் புள்ளிகள் மத்திய கோட்டிலிருந்து தள்ளித் தோன்றி, ஆண்டு செல்லச் செல்ல அதனை நெருங்கி வருகின்றன. இன்றும் சூரியனைப் படிக்கும் மாணவர் முதலில் பார்ப்பது அந்த வண்ணாத்துப்பூச்சியைத்தான். அசல் பிரதி அமெரிக்காவின் போல்டர் நகரில் பாதுகாக்கப்படுகின்றது.

அரச வானவியல் சங்கம் 1892இல் அன்னியை அங்கத்தவராகச் சேர்க்க மறுத்திருந்தது. 1916இல் சேர்த்துக்கொண்டது. 1908இல் இருவர் பெயரிலும் வெளிவந்த வானவியல் நூலொன்றின் முன்னுரையில், இது ஏறக்குறைய முழுவதும் என் மனைவியின் உழைப்பே என்று வோல்ட்டர் எழுதியிருக்கின்றார். அந்த நேர்மையையும் குறிப்பிடத்தான் வேண்டும். முதலாம் உலக யுத்தத்தில் ஆண்கள் போனபோது அன்னி மீண்டும் கிறீனிச்சுக்குத் தொண்டராகச் சென்று வேலை பார்த்தார். 1947இல் காலமானார். கேம்பிரிட்ஜ் பெண்களுக்குப் பட்டம் கொடுக்கத் தொடங்கியது அதற்கு மறு ஆண்டு.

டோக்கியோவில் ஒரு பென்சில்

அன்னி காலமான அந்த 1947ஆம் ஆண்டின் ஏப்ரல் மாதத்தில், இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய சூரியப் புள்ளிக் கூட்டம் தோன்றியது. அதன் பரப்பு பூமியின் மொத்தப் பரப்பைப் போல் முப்பத்தைந்து மடங்கிற்கும் மேல். அதைத் தாளில் வரைந்தவர்களுள் ஒருவர் டோக்கியோ விஞ்ஞான நூதனசாலையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த ஹிஸாக்கோ கொயாமா.

1916இல் பிறந்த இவர் பெண்கள் உயர்தரப் பாடசாலையோடு படிப்பை முடித்தவர். பல்கலைக்கழகம் போனவரல்லர். தந்தை வாங்கித் தந்த ஒரு சிறு தொலைகாட்டிதான் தொடக்கம். யுத்த காலத்தில் விமானக் குண்டுக்குப் பயந்து நகரமே விளக்கணைத்துக் கிடந்த இருளை, வானத்தைப் பார்க்க வாய்த்த இருளாக எடுத்துக்கொண்டார். 1944இல் தாம் வரைந்த சூரியப் படத்தை ஒரு வானவியல் சங்கத்தின் தலைவருக்கு அனுப்பினார். ஊக்கமளித்துப் பதில் வந்தது. யுத்தம் முடிந்ததும் நூதனசாலை அவரைச் சேர்த்துக்கொண்டது.

அங்கே 20 சென்ரிமீற்றர் வில்லை கொண்ட தொலைகாட்டி ஒன்று இருந்தது. அதன் வழியே சூரியனின் பிம்பத்தை வெள்ளைத் தாளில் விழவைத்து, பென்சிலால் புள்ளிகளைத் தொட்டுத் தொட்டு வரைந்தார். திகதி, நேரம், வானத்தின் தெளிவு எல்லாவற்றையும் ஓரத்தில் எழுதினார். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே. நாற்பது ஆண்டுகளுக்கும் மேல்! கருவியும் மாறவில்லை, முறையும் மாறவில்லை, பார்த்த கண்களும் மாறவில்லை. பத்தாயிரத்திற்கு மேற்பட்ட படங்கள் சேர்ந்தன. எட்டாயிரத்திற்கும் அதிகமான புள்ளிக் கூட்டங்களை அவர் பதிந்தார். 1985இல் அவற்றைத் தொகுத்து நூலாக வெளியிட்டார். 1997இல் மறைந்தார்.

இதன் மதிப்பு பின்னால்தான் தெரிந்தது. சூரியப் புள்ளிகளை எண்ணுவதற்கு 1848 அளவில் றுடொல்ஃப் வூல்ஃப் ஒரு வழி வகுத்திருந்தார். கூட்டங்களின் தொகையைப் பத்தால் பெருக்கித் தனிப் புள்ளிகளின் தொகையைக் கூட்ட வேண்டும். மூன்று கூட்டங்கள், பதினான்கு புள்ளிகள் என்றால் 44. எளிதுதான். ஆனால் ஒருவர் கண்ணுக்குப் பதினான்கு தெரிவது இன்னொருவருக்குப் பத்தாகத் தெரியும். நானூறு ஆண்டுகளில் எத்தனையோ பேர், எத்தனையோ கருவிகள். பல வீட்டுக் கைப்படிகளால் அளந்த அரிசியை ஒரே கணக்கில் கொண்டுவருவது போன்ற சிக்கல் இது. அண்மைக் காலத்தில் இந்தப் பட்டியல் முழுவதையும் திருத்தும் வேலையில் விஞ்ஞானிகள் இறங்கியபோது, நம்பி ஒப்பிடக்கூடிய நீண்ட அளவுகோல்களுள் ஒன்றாகக் கொயாமாவின் படங்கள் அமைந்தன. இன்று உலகப் பட்டியலைப் பெல்ஜியத்தின் அரச அவதான நிலையம் பேணி வருகின்றது.

நமக்கு இதனால் என்ன?

1989 மார்ச் 13ஆம் திகதி, அதிகாலை மூன்று மணிக்குச் சற்று முன்னர், கனடாவின் கியூபெக் மாகாணம் முழுவதும் மின்சாரம் நின்றது. ஒன்றரை நிமிடத்திற்குள் முழு வலையமைப்பும் விழுந்துவிட்டது. அறுபது இலட்சம் மக்கள் குளிர்காலத்தில் ஒன்பது மணித்தியாலம் வரை இருளில் கிடந்தார்கள். காரணம் ஒரு காந்தப் புயல். சூரியனிலிருந்து ஏற்றம் பெற்ற துணிக்கைகள் பெரும் முகிலாகக் கிளம்பி, ஓரிரு நாட்களில் பூமியை வந்து மோதும்போது காந்தப் புலம் குலுங்குகின்றது. அந்தக் குலுக்கம் நீண்ட மின்கம்பிகளில் வேண்டாத மின்னோட்டத்தை உண்டாக்குகின்றது. 1859இல் தந்திக் கம்பியில் வந்த அதே மின்சாரந்தான்.

2022 பெப்ரவரியில் ஒரு நடுத்தரப் புயல், புதிதாக ஏவப்பட்ட 49 ஸ்டார்லிங்க் செய்மதிகளில் 38ஐ வீழ்த்திவிட்டது. 2024 மே மாதத்தில் இரண்டு தசாப்தங்களில் காணாத பெரும் புயல் வந்தபோது, செய்மதி வழிகாட்டலில் ஓடிய உழவு இயந்திரங்கள் அமெரிக்க வயல்களில் தடுமாறின. ஆனால் மின்சாரம் பெரிதாகப் போகவில்லை. முன்கூட்டியே அறிவித்தல் கிடைத்திருந்தது. பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீற்றர் தொலைவில் சூரியனை நோக்கி நிற்கும் விண்கலங்கள் காவல் இருக்கின்றன. இந்தியா 2023இல் அனுப்பிய ஆதித்யாவும் அங்கேதான் இருக்கின்றது. நிலத்தில் உள்ள காந்த நிலையங்கள் மூன்று மணித்தியாலத்திற்கு ஒரு முறை 0 முதல் 9 வரை புள்ளி போடுகின்றன. 5 வந்தால் புயல். 9 என்றால் உச்சம்.

இலங்கையில் வண்ண ஒளி தெரியாது. துருவங்களிலிருந்து நாம் வெகுதூரத்தில் இருக்கின்றோம். ஆனாலும் நாம் இருப்பது ஒரு தனிச்சிறப்பான இடம். காந்த மத்திய கோடு நமக்கு மிக அருகில் செல்கின்றது. அங்கே ஊசி மேலும் சாயாது, கீழும் சாயாது, தட்டையாகக் கிடக்கும். அக்கோட்டின் மேலே நூறு கிலோமீற்றருக்குச் சற்று உயரத்தில், பகல் வேளையில் ஒரு மின்னோட்டம் வானத்தில் ஆறாக ஓடுகின்றது. அதைக் கவனிக்கவே திருநெல்வேலியில் ஒரு நிலையம் உண்டு. கொடைக்கானலில் 1904 முதல் சூரியனைப் புகைப்படமெடுத்துச் சேர்த்து வருகின்றார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ‘இன்றிரவு வானத்திலிருந்து ஆபத்தான கதிர்கள் வருகின்றன, பன்னிரண்டரை மணிக்குக் கைபேசியை அணைத்து வையுங்கள், பத்துப் பேருக்கு அனுப்புங்கள்’ என்ற செய்தி உங்களுக்கும் வந்திருக்கும். ஆண்டுதோறும் வேஷம் மாற்றி வரும் வதந்தி இது. காந்தப் புயல் நிலத்தில் நிற்கும் மனிதரைத் தீண்டுவதில்லை. கம்பிகளையும் செய்மதிகளையும் வானொலி அலைகளையுமே அது குழப்பும். நபி (ஸல்) அவர்களின் அருமை மகன் இப்றாஹீம் வபாத்தான அன்று சூரிய கிரகணம் ஏற்பட்டது. மக்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டபோது அண்ணலார் அதை ஏற்காது மறுத்தார்கள். தம் துயரின் நடுவிலும் அந்தத் தவறான எண்ணத்தை அவர்கள் வளரவிடவில்லை. இதனை நன்கறிந்த நாமே வதந்தியைப் பத்துப் பேருக்கு அனுப்பிவைப்பது முறைதானா?

வீட்டில் பிள்ளைகள் கேட்டால் சூரியனின் அன்றாடப் படத்தை இப்போது கைபேசியிலேயே காட்டலாம். புள்ளிகளை அவர்களையே எண்ணச் சொல்லுங்கள். கூட்டத்தைப் பத்தால் பெருக்கித் தனிப் புள்ளிகளைக் கூட்டி, ஒரு பழைய கொப்பியில் திகதியோடு எழுதட்டும். பாடசாலையில் தொலைகாட்டி இருந்தால், ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் நிற்க, பிம்பத்தைத் தாளில் விழவைத்துத்தான் பார்க்க வேண்டும். தொலைகாட்டியில் கண்ணை வைத்துச் சூரியனைப் பார்த்தால் பார்வை போய்விடும். கறுப்புக் கண்ணாடி, எக்ஸ்ரே படச்சுருள், சாயத் தண்ணீர் எதுவும் காப்பாற்றாது. வெறுங் கண்ணாலும் உற்றுப் பார்க்கவே கூடாது.

புள்ளி ஒன்றும் இல்லாத நாளில் 0 என்று எழுதச் சொல்லுங்கள். பார்க்க முடியாமற் போன நாளில் அந்த இடத்தை வெறுமையாக விட்டு, ஓரத்தில் ‘பார்க்கவில்லை’ என்று குறிக்க வேண்டும். இரண்டும் ஒன்றல்ல.